வளைகாப்பும் காய்ச்சலும்

என் வளைகாப்புக்கு முதல் வளையல் போடப் பாலவனத்தத்திலிருந்து பெரியத்தை வந்தார். என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, அக்கா. குடும்பத்தில் மூத்த சுமங்கலி என்பதால் அவர் கை படாமல் எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் தொடங்காது. சந்தனத்தை அள்ளி என் இரண்டு கன்னத்திலும் பூசினார். கை அனலாய்ச் சுட்டது.

"காய்ச்சலா பெரியத்தை?"

"லேசாத்தான். மாத்திரையப் போட்டுட்டு பஸ்ஸு ஏறிட்டேன். நான் வராட்டி காரியம் நிக்குமில்ல?" என்றவர், என் முகத்துக்கு நேராகவே இருமினார். பிறகு அதே கையால் புளிச்சோற்றை உருட்டி எனக்கு ஊட்டினார். கூடம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பயந்துகொண்டே விழுங்கினேன்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஃப்ளூ தடுப்பூசி போட்டிருந்தேன். "சளிக்கெல்லாமா ஊசி போடுவாக? அதுவும் வயித்துப் பிள்ளைக்காரிக்கு!" என்று அத்தை குதித்தார். கடையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் எங்கள் இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டினார். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நான் பிடிவாதமாகப் போட்டுக்கொண்டேன். ஆனால் வளைகாப்பன்று சாயங்காலம் அந்த ஊசி மேல் எனக்குத் துளி நம்பிக்கை இல்லை. சோப்புப் போட்டு முகத்தையும் கையையும் கழுவிக்கொண்டே இருந்தேன்.

இரண்டொரு நாளில் எனக்கும் காய்ச்சல் வந்தது. அன்று காலையிலேயே போன். பெரியத்தைக்கு மூச்சுத் திணறலாம், மதுரைக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம். பிறகு தேறி வந்துவிட்டார், ஆனால் அன்று அது யாருக்குத் தெரியும்? விடிந்ததிலிருந்து வயிற்றில் பிள்ளை அசையாதது அப்போதுதான் உறைத்தது.

அத்தை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தினார். வெறும் இரைச்சல்தான் கேட்டது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அப்போதும் இரைச்சல்தான். அத்தை என் காலை இறுக்கிப் பிடித்திருந்தார், வலித்தது. அப்புறம் தறி ஓடுகிற வேகத்தில் பிள்ளையின் இதயத் துடிப்பு கேட்டது. வாய்விட்டு அழுதேன்.

"ஊசி போட்டிருந்ததாலதான் காய்ச்சல் இந்த அளவோட நிக்குதுன்னு நினைக்கிறேன்" என்று சொல்லி மாத்திரை எழுதினார் டாக்டரம்மா.

"அப்ப பிள்ளை பொறந்ததும் அதுக்கும் போட்ருங்கம்மா" என்றார் அத்தை. குதித்தவர் இவர்தானா என்று பார்த்தேன்.

"ஆறு மாசம் முடியாம பிள்ளைக்குப் போட முடியாது. அம்மா போட்டது ஓரளவுக்குக் காக்கும். மத்தபடி பிள்ளையத் தூக்குறவங்கதான் ஊசி போட்டுக்கணும், கை கழுவணும். காய்ச்சல், இருமல்னா கிட்டயே வரக் கூடாது."

எங்கள் சொந்தக்காரர்களை நினைத்தேன். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சக் காத்திருக்கும் அத்தனை கைகளையும் நினைத்தேன்.

ஆட்டோ திரும்பி வந்து வீட்டு முன் நின்றது. வாசல் நிறையச் செருப்புகள். எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, ஆரஞ்சும் பிரெட்டுமாக எல்லோரும் பார்க்க வந்துவிட்டார்கள். உள்ளே யாரோ இருமினார்கள்.

இறங்கப்போன என்னை அத்தை கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"வண்டியத் திருப்புப்பா" என்றார்.