ஒப்படைக்க வந்த பிஸ்டல்

தொலைந்துபோன பத்திரத்துக்காகப் புகார் கொடுக்க, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காவல் நிலையத்துக்கு மகளோடு போயிருந்தேன். தேர்தல் நேரம் என்பதால் லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைக்க ராஜபாளையத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. எதையும் பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்.

அவர் மேஜைமேல் வைத்தது உள்ளங்கைக்குள் அடங்கும் பழைய பிஸ்டல். விளையாட்டுச் சாமான் என்று மகள் கையை நீட்டினாள். பதறி அவளை இழுத்துக்கொண்டேன்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்தார். “பயப்படாதீங்கம்மா, குண்டெல்லாம் எடுத்தாச்சு.” கைப்பிடியிலிருந்து உருவிய, குண்டு அடுக்கும் மேகசினைக் காலியாகக் காட்டினார்.

“அம்புட்டுத்தான், இனி இது பொம்மை” என்று ஸ்டேஷன் ரைட்டர் சிரித்தார்.

கேஸ் அடுப்பை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான். “இன்னொரு வாட்டி பாத்துருங்கய்யா” என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் வெட்கமாக இருந்தது.

என் மனதுக்காகத்தான், பெரியவர் பிஸ்டலைச் சுவர்ப் பக்கம் திருப்பி அதன் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்தார். குழலுக்குள் தங்கியிருந்த ஒரு குண்டு துள்ளி விழுந்து தரையில் உருண்டது.

ரைட்டர் எழுந்து நின்றுவிட்டார்.

“ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார் பெரியவர்.

“தெரியாதுய்யா. பயந்தான்.”

“நேத்துக்கூட பேத்தி இது இருந்த டிராயரக் கொடஞ்சுக்கிட்டு இருந்தா” என்றவர் கண்ணாடியைத் தொடவில்லை. வீட்டுக்குப் போன் போட்டார். “பாப்பா எங்க? பள்ளிக்கூடத்துலயா? போயிப் பாத்துட்டுச் சொல்லு.”

துப்பாக்கி எங்கள் கண்முன்னேதான் கிடந்தது. ஆனாலும் பதில் வரும்வரை அவர் உட்காரவில்லை. நானும்தான்.