ரப்பரில் போட்ட ஓட்டை

மணிமுத்தாறு பக்கத்து மான் பண்ணையில் தாயில்லாத குட்டிக்குப் புட்டிப்பால் கொடுப்பது என் வேலை. ஒருநாள் அது இருமி இருமிச் சுருண்டு படுத்துவிட்டது. பண்ணையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள்தான் கண்டதையும் போட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்று எனக்கு ஆத்திரம். வேலியோரம் பிள்ளைகளோடு நின்றவரைப் பார்த்து, "உமக்கு அறிவிருக்கா வே? மானுக்கு முறுக்கப் போடுதீரே!" என்று கத்தினேன்.

"நாங்க ஒண்ணும் போடலையே அண்ணாச்சி" என்றார். பிள்ளைகள் அழ அழ விரட்டினேன்.

மாட்டு டாக்டரம்மா வந்து புட்டியைக் கவிழ்த்தார். சொட்டுச் சொட்டாக விழவேண்டிய பால் கொடகொடவென்று கொட்டியது.

"பால் நுரையீரலுக்குள்ள போயிருக்கு. புட்டி ரப்பர் ஓட்டைய இப்படிப் பெருசாக்குனது யாரு?"

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஊசியைக் காய்ச்சிக் குத்தினது நான்தான்.

குட்டி பிழைக்கவில்லை. வேலியோரம் நின்ற அந்த மனுஷன் அன்றைக்கே என்னை ஓங்கி ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா?