கழுவிய கன்று

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் எழுதிய சின்னக் கட்டுரை ஒன்றில் தலைமை உதவி ஆசிரியர் ஒரே ஒரு சொல்லை அடித்தார். "பசுவின் துக்கம்" என்று நான் எழுதியிருந்தது "பசுவின் பழக்கம்" ஆயிற்று. ஏன் சார் என்று கேட்டேன். "மாட்டைப் பேட்டி எடுத்தீங்களாம்மா?" என்றார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

அதே மேசையிலிருந்து தினமும் இரங்கல் செய்திகள் அச்சுக்குப் போகும். இன்னார் மறைவுக்கு இன்னார் ஆழ்ந்த துயரம் தெரிவித்தார். அந்த ஆழத்தை அளந்து பார்த்துவிட்டு எழுது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அன்றைக்குச் சிரித்தது என் தவறு. அடிபட்ட சொல்தான் சரியான சொல். பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மயிலாப்பூரில், மந்தைவெளிப் பக்கம் ஒரு சந்தில் அப்போது குடியிருந்தோம். கீழே நாங்கள். மாடியில் வீட்டுச் சொந்தக்காரர், கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர். காலை ஐந்தரை மணிக்குக் கால்வாய்க் கரைக் குடிசைகளிலிருந்து பால்காரம்மா பசுவை ஓட்டிக்கொண்டு வருவாள். பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று காட்டுவதற்காக மாட்டை வாசலுக்கே கொண்டுவந்து கண்ணெதிரே கறந்து ஊற்றுவது அன்றைய வழக்கம். ஒரு கையில் பித்தளைச் செம்பு இருக்கும். இன்னொரு பக்கம் இடுப்பில் ஒரு கன்று இருக்கும். உயிர் இல்லாத கன்று.

அந்தப் பசு ஈன்ற கன்று ஒன்பதாம் நாள் கழிச்சல் கண்டு செத்துப்போயிருந்தது. கன்று கண்ணில் படாவிட்டால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். அதனால் செத்த கன்றின் தோலை உரித்து, உப்பும் மஞ்சளும் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, வயிற்றுப் பக்கம் சாக்கை வைத்துத் தைத்து, நான்கு குச்சிகளைக் காலாகச் செருகிவிடுவார்கள். ஊரில் பல பால்காரர்களின் தோளில் இப்படி ஒன்று தொங்கும். அதை முன்னால் நிறுத்தினால் பசு நக்கும். நக்க நக்க மடியில் பால் இறங்கும்.

இந்தப் பசு கன்றின் உடம்பு முழுவதையும் நக்காது. இடது காதுக்குப் பின்னால் ஒரே இடம்தான். மூன்று மாதத்தில் அங்கே உள்ளங்கை அகலத்துக்கு மயிர் உதிர்ந்து தோல் பளபளத்தது. கறந்து முடித்த பிறகும் அது நக்குவதை நிறுத்தாது. பால்காரம்மா செம்பை ஓரமாக வைத்துவிட்டு எங்கள் படியில் உட்கார்ந்துவிடுவாள்.

"அடுத்த வீட்டுக்கு நேரமாகலையா உனக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அது முடிக்கட்டும்மா. பாதில தூக்கினா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கும். அப்பால நாள் பூரா கத்திக்கினு கெடக்கும், யாரு கேக்கறது?"

என் மகளும் அந்தக் கன்றும் பிறந்தது ஒரே வாரத்தில். மகளுக்கு மூன்று மாதம் முடிந்ததும் நான் வேலைக்குத் திரும்பினேன். பகலில் நாத்தனார் அவளைப் பார்த்துக்கொண்டாள். இந்தப் பசுவின் பாலைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சிப் புகட்டுவாள்.

மவுண்ட் ரோட்டுப் பக்கம் எங்கள் அலுவலகம். மத்தியானத்தில் கீழே தெருவில் ஏதாவது ஒரு குழந்தை அழும். அது என் குழந்தை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ரவிக்கை நனையும். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தந்திச் செய்திகளை மொழிபெயர்ப்பேன். கைப்பையில் மகளின் துவைக்காத சட்டை ஒன்றை வைத்திருந்தேன். யாரும் பார்க்காதபோது முகர்ந்துவிட்டு உள்ளே வைப்பேன். அது வெறும் துணி என்பதும் எனக்குத் தெரியும்.

கோடை தொடங்கியது. தோல் கன்று நாறியது, ஈ மொய்த்தது. ஒரு நாள் காலை அதிலிருந்து எழும்பிய ஈ ஒன்று என் இடுப்பிலிருந்த மகளின் உதட்டில் வந்து உட்கார்ந்தது. பால்காரம்மாவிடம் கடுமையாகவே சொன்னேன்: "இந்த நாத்தத்தோட இனிமே என் வாசலுக்கு வராதே. கழுவிக் கொண்டுவா. இல்லேன்னா எனக்குப் பால் வேண்டாம்."

அவள் கன்றை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு நாள் விட்டு மறுநாள், திங்கட்கிழமை காலை, கன்றைப் படியில் நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"பாரும்மா. சோப்பு போட்டு, ஃபினாயில் ஊத்தி, ரெண்டு வாட்டி அலசி வெயில்ல காயவச்சேன். புது வைக்கோலு, புது சாக்கு. நேத்து பொறந்த கன்னு கணக்கா கீதா, இல்லியா?"

சுத்தமாகத்தான் இருந்தது. பசு வழக்கம்போல் இடது காதுக்குப் பின்னால் மூக்கைக் கொண்டுபோனது. உடனே மூக்கை இழுத்துக்கொண்டது. முதுகு வழியாக வால் வரை முகர்ந்துகொண்டே போய், மறுபடி காதுக்கு வந்தது. பிறகு இரண்டடி பின்வாங்கி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக் கத்தியது. செம்பில் ஒரு சொட்டு விழவில்லை.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. தெரிந்த பால்காரர் ஒருவரிடமிருந்து அவருடைய தோல் கன்றை இரவல் வாங்கி வந்து காட்டினாள். அதில் நாற்றத்துக்குக் குறைவில்லை. பசு அதை ஒரே முட்டில் கீழே தள்ளியது.

அவள் புருஷன் ரிக்‌ஷா ஓட்டுபவன். அன்று வாசல் வரை வந்து, எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்: "கறக்காத மாட்ட வச்சிக்கினு இன்னா பண்றது? வெள்ளிக்கிழம பல்லாவரம் சந்தைக்கு ஓட்டிடுவேன். தரகனாண்ட சொல்லிட்டேன்." பால் நின்ற மாட்டைச் சந்தையில் வாங்குகிறவர்கள் யார் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

புதன்கிழமை பேராசிரியர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கூடவே, மாட்டுக்கு ஊசி போடும் கம்பவுண்டர் ஒருவரையும் வரவழைத்திருந்தார்.

"ஏம்மா, பேப்பர்ல வேலை பாக்கறவ நீ. நீயும் இவளோட சேர்ந்துண்டு கண்ணக் கசக்கறியே. பால் இறங்கறது சுரப்பியோட காரியம். தெரிஞ்ச வாசனை மூக்குல பட்டா மூளை உத்தரவு போடறது, அவ்வளவுதான். மணி அடிச்சா பள்ளிக்கூடம் விடறாப்பல. ஒரு ஊசி போட்டா தானா இறங்கும். கன்னும் வேண்டாம், பாசமும் வேண்டாம்."

ஊசி போட்டார்கள். சிறிது நேரத்தில் பால் வந்தது, செம்பு நிறைய. "பாத்தியோ?" என்றார் என்னிடம். பார்த்தேன். அவர் காப்பி குடிக்க மேலே போய்விட்டார். அதற்குப் பிறகு நடந்ததை அவர் பார்க்கவில்லை.

மடி காலி. பால் கட்டிக்கொண்ட வலியில்தான் மாடு கத்துகிறது என்பது உண்மையானால் இப்போது அது அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. தெருமுனையைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிஷம். மாடிக்குப் போய் அவரிடம் சொன்னேன்.

"ஹாபிட்மா" என்றார். "ரெண்டு நாள்ல மறந்துடும்."

என்னிடம் பதில் இருந்தது. அந்த வயசு மனிதரிடம், அந்தக் காலத்தில், ரவிக்கை நனைவதைப் பற்றி ஒரு பெண் பேச முடியாது. இப்போது பேசுகிறேன். எனக்கும் அதே ஊசியைப் போட்டிருந்தால் பால் இறங்கியிருக்கும். எனக்கும் அது சுரப்பியின் காரியம்தான். யாரோ பெற்ற குழந்தையின் அழுகைக்குக்கூட அது வேலை செய்தது. அதை வைத்து, எனக்கு என் மகள்மேல் பாசம் இல்லை, பழக்கம்தான் இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா? எனக்குப் பொருந்தாத தர்க்கத்தைப் பசுவின்மேல் மட்டும் ஏற்றுவதற்கு என்ன ஆதாரம்? அது பேசாது என்பதைத் தவிர வேறு ஆதாரத்தை இதுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை. மனுஷரைப் போலவே துக்கப்படுகிறதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் நாத்தனாரின் துக்கம் என்னுடையதைப் போன்றதா என்பதும் எனக்குத் தெரியாது. அவள் சொல்வாள், நான் நம்புவேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை. மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டுக் கால்வாய்க் கரைக்குப் போனேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது. பால்காரம்மா குடிசை வாசலில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மறுபடி ஊசி போட்டாயா என்று கேட்டேன்.

"வேணாம்மா. பால் வருது, அது ஒப்புக்கல. புடுங்கினாப்பல கீது எனக்கு."

பசுவைக் கட்டாமல் விட்டிருந்தாள். அது கொட்டகைக்குப் பின்னால், வெயிலில், ஒரு குப்பைமேட்டின் பக்கத்தில் தலையைத் தாழ்த்தி நின்றது. பத்தடி தள்ளி வேப்ப மரத்து நிழல் இருந்தது. மேய்வதற்கும் அந்த மேட்டில் ஒன்றும் இல்லை.

"வெயில்ல ஏன் நிக்குது?"

"நாலு நாளா அங்கதான் நிக்குது. ஓட்டினாலும் திரும்பிப் போய் நின்னுக்குது."

"அங்க என்ன இருக்கு?"

"இன்னா கீது, குப்பதான். கன்னுலேர்ந்து எடுத்த பழைய வைக்கோல..." என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்திவிட்டாள். சாணிக் கையோடு எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனாள்.

பழைய வைக்கோல் கறுத்துப்போய், பழைய சாக்கோடு சேர்ந்து கிடந்தது. மழை இல்லாததால் கலையவில்லை. இருவருமாக அள்ளினோம். நாற்றத்துக்குத் தலைப்பை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். புது வைக்கோலைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பழையதைத் திணித்து, பழைய சாக்கையே வைத்துக் கோணி ஊசியால் தைத்தாள். மீதி வைக்கோலால் தோல் முழுவதையும், முக்கியமாக இடது காதுக்குப் பின்னால், அழுத்தித் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே பசுவிடம் மெதுவாகப் பேசினாள். "குளிப்பாட்டிட்டேன்டீ, தெரியாம பண்ட்டேன்." கன்றைக் குளிப்பாட்டச் சொன்ன நான் பக்கத்தில்தான் குந்தியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு அவள் வந்தாள். பின்னாலேயே புருஷனும், கையில் கயிற்றோடு தரகனின் ஆளும் வந்தார்கள். இங்கே கறக்காவிட்டால் இங்கிருந்தே ஓட்டிப்போவது என்று பேச்சு. மகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். மாடி ஜன்னலில் பேராசிரியரும் நின்றார்.

கன்றை நிறுத்தினாள். பசு மூக்கைக் கொண்டுபோய், வெகுநேரம் வைத்திருந்தது. முகர்ந்ததா, சும்மா வைத்திருந்ததா என்று சொல்ல முடியாது. பிறகு இடது காதுக்குப் பின்னால் நக்க ஆரம்பித்தது. பால்காரம்மா செம்பைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு குந்தினாள். முதல் பீச்சு செம்பின் அடியில் விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"கயித்த சுருட்டிக்கினு போ நைனா" என்றாள், தலையைத் தூக்காமல். "டீ வேணா குடிச்சிட்டுப் போ."

வைக்கோலைக் கன்று என்று நம்பி மாடு ஏமாந்தது என்று இதைக் கேட்டவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். ஏமாறுகிற மாடு சோப்பு போட்டுக் கழுவிய கன்றிலும், இரவல் கன்றிலும் ஏமாந்திருக்க வேண்டும். அதற்குத் தன் கன்று வேண்டியிருந்தது. தன் கன்றில் மிச்சம் எது என்பது எங்களைவிட அதற்குத் தெரிந்திருந்தது.

கறந்து முடிந்தது. நாற்றம் வீட்டுக்குள் வரை வந்தது. மேலே ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. பசு நக்கிக்கொண்டே இருந்தது. சவாரிக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில் புருஷன் கன்றைத் தூக்கக் குனிந்தான்.

"அதத் தொடாதேப்பா" என்றேன். "அது முடிக்கட்டும்."

அவன் என்னைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே படியில் உட்கார்ந்து தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவனும் ஒரு படி தள்ளி உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தான்.