ரத்து என்னும் சொல்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதற் சில ஆண்டுகளில், கணினியில் கடிதம் எழுத உதவும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கும் திட்டத்தை நாங்கள் இருவர் தொடங்கினோம். நான் வேலூரில் தமிழாசிரியன். அவர் ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர். வீட்டில் உருது பேசி, பள்ளியில் தமிழ்வழி படித்தவர். ஒரு மென்பொருளின் மூலநிரலை எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் தரலாம் என்னும் அறம் அவர் வாயிலாகவே எனக்குத் தெரியவந்தது. இணையத்தில் திட்டத்துக்கு இடம் பெற்றவரும், உரிமக் குறிப்பை எழுதியவரும், பங்களிப்போர் அனைவர்க்கும் மின்னஞ்சல் செல்லும் மடற்குழுவை அமைத்தவரும் அவரே. எவருடைய திருத்தமும் என் ஒப்புதல் பெற்றே சேரவேண்டும் என்று விதி வகுத்தவரும் அவரே.

ஞாயிறுதோறும் அவர் வீட்டில் அமர்ந்து மொழிபெயர்த்தோம். 'வாத்தியாரே' என்றுதான் என்னை அழைப்பார். தொடங்கிய செயலைக் கைவிடுவதற்கான பொத்தானுக்கு, உருது வழியாகத் தமிழுக்கு வந்த 'ரத்து' என்னும் சொல்லை எழுதினார். அன்று அதை அப்படியே ஏற்றேன். முதற் பதிப்பு வெளிவருமுன், அவரைக் கேளாமல், அச்சொல் வந்த இடமெல்லாம் 'தவிர்க்க' என்று மாற்றினேன். அவர் எழுதிய வேறு சில சொற்களும் அத்துடன் போயின. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒருவரிக் குறிப்பு எழுதவேண்டும்; அது மடற்குழுவினர் அனைவர்க்கும் செல்லும். 'களைகள் அகற்றப்பட்டன' என்று எழுதினேன். எழுதியபோது அவ்வரி எனக்கு இனிக்கவும் செய்தது.

அடுத்த ஞாயிறு அவர் சிரித்துக்கொண்டேதான் தொடங்கினார்.

"இன்னா வாத்தியாரே, களை புடுங்கிட்டீங்களா? காட்பாடி ஸ்டேஷன்ல ட்ரெயின் ரத்துன்னு சொல்றான். ஒருத்தனாவது அர்த்தம் கேட்டானா?"

"நம்ம கிட்ட சொல் இருக்கும்போது இரவல் எதுக்குங்க?" என்றேன்.

"அப்போ பொத்தான்? அது போர்த்துகீசியன் கப்பல்ல கொண்டாந்தது. அதை மட்டும் பத்திரமா வெச்சிருக்கீங்க. நாங்க பக்கத்து வீடுதானே?"

"அதுக்கும் ஒரு நல்ல சொல் தேடிக்கினுதான் இருக்கேன்."

அவர் சிரிப்பு நின்றது. "இப்போ 'நம்ம'ன்னீங்களே, அதுல நான் இருக்கேனா?"

சொல்லைப் பற்றிப் பேசும்போது ஆளை ஏன் இழுக்கவேண்டும் என்று கேட்டேன். 'இருக்கிறீர்கள்' என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. ஆயிரம் சொற்களை எடைபோட்ட என் வாயில் அது வரவில்லை.

அந்த வாரமே அவரிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. பங்களித்தோர் பட்டியலின் தலையில் இருந்த தம் பெயரை நீக்கியிருந்தார். வேறெதையும் தொடவில்லை.

மறுநாளே ஆம்பூர் சென்றேன். தேநீர் தந்தார், என் தாயாரின் உடல்நலம் விசாரித்தார். அவருடைய சொற்களையெல்லாம் மீண்டும் சேர்த்துவிட்டேன் என்று சொன்னேன்.

"பரவால்ல, விடுங்க சார்" என்றார். அவர் என்னைச் சார் என்றது அதுவே முதன்முறை.

அத்திருத்தம் இன்னும் என் ஒப்புதலுக்காகக் கிடக்கிறது. ஏற்றால், அவர் இல்லாமலே அத்திட்டம் பிறந்தது என்னும் பொய்க்குக் கையொப்பமிடுவேன். மறுத்தால், அவர் எழுதியதை இரண்டாம் முறையும் தள்ளியவன் ஆவேன். ஆண்டுகள் பல கடந்தும், அவர் ஒரு நினைவூட்டல்கூட அனுப்பவில்லை.