பதிலுக்கு முன் ஓர் இடைவெளி

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறியபோது என் பக்கத்து இருக்கையில் அந்த ஆன்டி உட்கார்ந்திருந்தார். பச்சைப் பருத்திச் சேலை. கழுத்தில் கயிற்றில் தொங்கிய கைபேசி. எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். உதட்டை இறுக்கிக்கொண்டு சற்றுக் காத்திருந்துதான் வாயைத் திறப்பார். கைபேசியில் ஒரு படம் திறக்கத் தாமதித்தாலே காலாட்ட ஆரம்பிக்கும் ஆள் நான். பொறுக்க முடியவில்லை.

“ஆன்டி, நான் பேசுறது கேக்குதா?”

மறுபடியும் இடைவெளி. பிறகு சிரித்தார்.

“கேக்குது தம்பி. பழகிப்போச்சு லா. மருமகனுக்கு பாப்புவா நியூகினியில செம்பனை எண்ணெய் எஸ்டேட்ல வேலை. மகளும் அங்கதான். லைன் ரொம்ப ஸ்லோ. நான் பேசுனது அங்க போய்ச் சேரணும், அவ சொல்றது திரும்பி வரணும். அவசரப்பட்டா ரெண்டு பேர் பேச்சும் முட்டிக்கும்.”

“வீட்டுக்கு நல்ல ஃபைபர் லைன் போடலாமே?”

“போட்டாச்சு. நம்ம பக்கம் பறக்குது. அந்தப் பக்கம் நகரணுமே!”

“மகள் அங்க சந்தோஷமா இருக்காங்களா, ஆன்டி?”

உதட்டை இறுக்கினார். பழக்கம்தானே என்று இந்த முறை நானும் பேசாமல் காத்திருந்தேன். நிலையங்கள் கடந்தன. கால் தானாக ஆடியது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையம் வந்ததும் ஆன்டி எழுந்து, என் தோளை மெல்லத் தட்டிவிட்டு, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும் கூட்டத்தோடு இறங்கிப் போனார்.

அந்தப் பதில் இன்னும் வழியில் இருக்கிறதா, இல்லை அப்போதே வந்துவிட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.