கம்பி கட்டிய வாயோடு ஒரு பஸ் பயணம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், மாநில எல்லையோரம், சானமாவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் எனக்குக் கல்யாணமான புதிது. தண்ணீர் காட்டும்போது எருது தலையைச் சிலுப்பியதில் அதன் கொம்பு என் தாடையில் இடித்து எலும்பு முறிந்துவிட்டது. பெங்களூர் பெரியாஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்பல்லையும் மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். எலும்பு கூடும்வரை வாயைத் திறக்க முடியாது.

வாராவாரம் போய்க் கம்பியை முறுக்கிக்கொண்டு வரவேண்டும். முறுக்கிய அன்று பல்லெல்லாம் வேரோடு பிடுங்குவதுபோல இருக்கும். நாக்கு பட்டால்கூட உயிர் போகும். கன்னத்தைக் குத்தும் கம்பி முனைகளில் தேன்மெழுகை உருட்டி ஒட்டிக்கொள்வேன். சூடான உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுப்பேன். நீர்க்கக் கரைத்த ராகிக் கஞ்சியைப் பப்பாளி இலைக் காம்பால் பல்லிடுக்கு வழியாக உறிஞ்சுவேன்.

டாக்டர் கம்பி வெட்டும் ஒரு சின்னக் குறடும் கொடுத்திருந்தார். "வாந்தி வந்து மூச்சு அடைச்சா மட்டும் கம்பியை வெட்டணும். வலிக்குதுன்னு வெட்டினா எலும்பு கோணிடும்" என்றார். முதல் வாரமே வலி தாளாமல், வெட்டிவிடச் சொல்லி வீட்டுக்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். அன்றிலிருந்து அந்தக் குறட்டை அவர் என் கண்ணில் காட்டாமல் வேட்டி மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அன்றும் கம்பியை முறுக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் ஆண்கள் முன்னால், நான் பின்னால். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு கன்னடக்காரம்மா ஓயாமல் பேசினாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சும்மா இருந்தேன். "யாக்கம்மா மாத்தாடல்லா?" என்றாள். ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்டவளுக்குக் கோபம் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லையில், ஜூஜுவாடி சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. நம் பக்கம் மதுவிலக்கு இருந்ததால், சாராயம் கொண்டுவருகிறார்களா என்று ஆண்களை எல்லாம் இறக்கிச் சோதனை போட்டார்கள். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. வெயில், டீசல் புகை, பூவாசனை எல்லாம் சேர்ந்து எனக்கு வயிற்றைப் புரட்டியது. குறடு அவர் மடியில். அவர் கீழே. கூப்பிடவும் வாயில்லை.

குடித்த கஞ்சி மேலே ஏறி, போக வழியில்லாமல் மூக்கில் அடைத்தது. மூச்சு நின்றுவிட்டது. நான் ஜன்னல் கம்பியைத் தட்டினேன். சுற்றியிருந்தவர்கள் சேலையைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். அந்தம்மா மட்டும் என் முந்தானையை இழுத்து, உதட்டை விலக்கிப் பார்த்தாள். பார்த்தவள் கூடையைத் தள்ளிவிட்டு, என் தலையைத் தன் மடிமேல் குனியவைத்து, நெற்றியை ஒரு கையால் தாங்கிக்கொண்டாள். ஜன்னல் வழியாக, "ஈ அம்மன கண்ட யாரு? பேக பர்ரீ!" என்று கத்தினாள். இவள் புருஷன் யார், சீக்கிரம் வா என்று.

கீழே காவலர் ஒருவர் அதே நேரம் வீட்டுக்காரரின் மடியில் குறட்டைக் கண்டுபிடித்திருந்தார். "என்னய்யா இது? எந்தப் பூட்ட ஒடைக்கப் போற?"

"உடுங்க சார்! எம் பொஞ்சாதி வாயி சார் அது!" என்று அவர் கதறியது எனக்கு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல இருந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

காவலர் கையிலிருந்து குறட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தார். அவசரத்தில் குறடு கம்பியில் மாட்டாமல் உதட்டைக் கிழித்தது. அந்தம்மா அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு கம்பி 'டக்'கென்று விட்டது. அடுத்தது. அடுத்தது. தாடை தொங்கியது. எல்லாம் அவள் மடியில் கொட்டியது. முதல் மூச்சை இழுத்தபோது நெஞ்சு கிழிவதுபோல வலித்தது. ஆனாலும் இழுத்தேன்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். "மாத்தாட்பேட" என்று விரலை என் உதட்டில் வைத்துப் பேசவிடாமல் தடுத்தாள். தன் முந்தானையைக் கிழித்து என் தாடையைத் தாங்கித் தலையோடு கட்டினாள். பூவெல்லாம் பஸ் தரையில் மிதிபட்டுக் கிடந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. எங்களோடு இறங்கி, பெங்களூர்ப் பக்கம் போகும் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டாள். நனைந்த சேலையோடு ரோட்டோரம் அவள் நின்றதுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

டாக்டர் திட்டவில்லை. "வெட்டினதுதான் சரி" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து கட்டினார். திரும்பவும் அதே முறுக்கு, அதே வலி. எலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாக. சிரித்தால் இன்றும் தெரியும்.

அந்தம்மாவின் முகம் எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. ஆனால் பஸ்ஸில் யாருக்காவது குமட்டிக்கொண்டு வந்து, மற்றவர்கள் விலகி நகரும்போதெல்லாம், என் கை தானாகவே அவர்கள் நெற்றியைத் தாங்கப் போய்விடுகிறது.