அம்மாளும் குளிசையும்

சுனாமி வந்து நான்கு வருடம் கழிந்து, வடக்கில் சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்துகொண்டிருந்த மாதங்களில் இது நடந்தது. மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் செட்டிபாளையத்தில் எங்கள் வீடு. நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு நெல் குத்தும் மில்லில் மோட்டர் பார்க்கிற வேலையில் இருந்தேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி.

என் கூச்சத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் “நிப்பாட்டுங்க” என்று கூப்பிட வெட்கப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம் வரை போய், அங்கிருந்து நடந்து திரும்பி வருகிற ஆள் நான். எங்கள் பகுதியில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிபோவான். வீடு மனைவியின் பெயரில் இருக்கும், வீட்டில் பேச்சு மாமியுடையது. என்னைப் போன்றவனுக்கு அது வசதியாகவே இருந்தது. பத்து வருடமாக நல்ல மருமகன் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயரில் பாதி, நான் வாய் திறக்காததால் வந்தது.

கடல் வந்தபோது மாமா போய்விட்டார். பழைய வீடும் போனது. வாவிப் பக்கம் கட்டிக்கொடுத்த புது வீட்டில் மாமி, மனைவி, நான், மகள் என்று நான்கு பேர் இருந்தோம். மனைவி மெலிந்துகொண்டே போனாள். தகப்பனை நினைத்து உருகுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிறகு இடப்பக்க வயிறு கல் வைத்தது போல இறுகியது. இரத்தம் சோதித்த டொக்டர் உடனே கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இடுப்பு எலும்பில் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, இரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள்.

அங்கே ஒரு பெண் டொக்டர் இருந்தார். மலைநாட்டுப் பக்கத்தவர், தமிழ் பேசுவார். வைத்தியத்தோடு ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். எனக்கு விளங்காது என்று ஒதுக்காமல், ஒரு தாளில் வட்டம் போட்டுச் சொல்லித் தந்தார். உடம்பைக் கட்டியிருக்கும் ஒவ்வொரு சிறு கலத்துக்குள்ளும் “வளரு” என்றும் “நிறுத்து” என்றும் செய்தி போய்க்கொண்டே இருக்குமாம். இவளுடைய இரத்தத்தில் “வளரு” என்ற செய்தியை அனுப்பும் ஒரு புரதம் கோளாறாக உருவாகிவிட்டது. அது ஓய்வதில்லை. அதனால் வெண்குழியங்கள், அதாவது இரத்தத்தின் வெள்ளை அணுக்கள், கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் மில்லில் ஒருமுறை சுவிட்ச் ஒட்டிக்கொண்டு, அணைத்தாலும் மோட்டர் நிற்காமல் ஓடியது. நெல் தீர்ந்து, உமி தீர்ந்து, வெறும் கல்லே அரைபட்டது. அதை நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“அதேதான்” என்று டொக்டர் ஒரு மாத்திரைப் பெட்டியை முன்னால் வைத்தார். “இந்தக் குளிசை போய் அந்தச் சுவிட்சுக்குள்ள உட்கார்ந்துக்கும். ஆனா தினமும் போடணும். விட்டா மறுபடி ஓட ஆரம்பிச்சிடும்.”

அவருடைய ஆராய்ச்சி இரத்தக் குழாய் பற்றியது. இந்தக் குளிசை சிலருக்குக் கண்ணிமையை வீங்கவைக்கிறது. குழாயின் சுவரில் இருக்கும் கலங்களுக்குப் போகும் வேறு செய்திகளையும் அது கொஞ்சம் தடுக்கிறதோ, அதனால்தான் நீர் கசிகிறதோ என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். அதற்காக ஒவ்வொரு கிளினிக்கிலும் கூடுதலாக இரண்டு சிறு குப்பி இரத்தம் தர முடியுமா, விருப்பம் இல்லாவிட்டால் வேண்டாம் என்று கேட்டார். நான் யோசித்தேன். மனைவிதான், “நல்ல இரத்தமெண்டா யோசிக்கலாம். இத எடுங்க, எனக்கு இது தேவயில்ல” என்று கையை நீட்டினாள். டொக்டர் சிரித்துவிட்டார். பதிவில் தொலைபேசி எண் கேட்டபோது மில் எண்ணைக் கொடுத்தேன்.

கிளம்பும்போது டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். முகம் வீங்கலாம், உடம்பில் சிவந்து தடிக்கலாம், வந்தால் குளிசையை நீங்களாக நிறுத்தக் கூடாது, எனக்குக் கோல் எடுங்கள், வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள் என்றார். தன் எண்ணையும் எழுதித் தந்தார். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமி கேட்டார், “டொக்டர் என்ன சொன்னவ, மருமகன்?”

“சுகம் வருமாம், மாமி” என்றேன். என் வழக்கத்துக்கு அதுவே நீண்ட பேச்சு.

முதல் மாதம் நன்றாகப் போனது. வயிறு இளகியது. கண்ணிமை மட்டும் காலையில் வீங்கியிருந்தது. இரண்டாம் மாதம் ஒருநாள் காலை, மனைவியின் கழுத்திலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. மதியத்துக்குள் முகத்துக்கும் ஏறிவிட்டது. மாமி ஒருமுறை பார்த்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

“அம்மாள் வந்திரிக்கா” என்றார்.

அம்மை என்று மற்ற இடங்களில் சொல்வதை நாங்கள் அம்மாள் என்போம். அது நோயல்ல, தெய்வம் வீட்டுக்கு வந்திருப்பது. வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அடுப்பில் தாளிப்பு நின்றது, மீன் நின்றது. அம்மாள் இருக்கும் உடம்புக்கு மருந்து கொடுத்தால் அவள் கோபித்துக்கொள்வாள் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். மாமி குளிசைப் பெட்டியை எடுத்து அம்மன் படத்தின் பின்னால் வைத்துவிட்டார்.

எனக்குத் தெரியும், அது குளிசையின் தடிப்பு என்று. நான் கெட்டிக்காரன் என்பதால் அல்ல. டொக்டர் அப்படியே சொல்லியிருந்தார். “மாமி, இது அம்மாள் இல்ல” என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கடலில் புருஷனைக் கொடுத்த மனுசி. மகளையாவது விட்டுத் தா என்று தெய்வத்திடம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் வந்த மருமகன். இன்றைக்குப் பார்த்துக்கொள்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன்.

கெட்ட காலத்துக்கு, குளிசை நின்றதும் தடிப்பும் மறைந்தது. அம்மாளை வழியனுப்ப மூன்றாம் தண்ணீர் வார்த்தபோது உடம்பு பளிங்கு மாதிரி இருந்தது. மாமிக்கு நம்பிக்கை இன்னும் கூடிவிட்டது. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் சடங்கு முடியும்வரை மகளுக்குக் குளிசை கொடுப்பதில்லை என்று நேர்ந்துகொண்டார். அதற்கு மூன்று மாதம் கிடந்தது. கிளினிக் நாள் வந்தது, போனது. மனைவிக்குத் திரும்பவும் களைப்பு, பசியின்மை. “இடப்பக்கம் ஒரு மாதிரி இரிக்கு” என்று அவள் சொன்னபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அது அறுவடைக் காலம். மில்லில் ஆட்கள் நெல் மூட்டைகளோடு வரிசையில் நின்றார்கள். முதலாளி ஓடிவந்து காதுக்குள் கத்தினார். “டேய், மோட்டர நிப்பாட்டு. கொழும்பில இரிந்து ஒரு டொக்டரம்மா உன்னக் கேக்கிறா.”

மோட்டர் நின்றதும் மில்லே ஊமையாகிவிட்டது. இருபது பேர் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். தொலைபேசி மேசை நடுவில்தான் இருந்தது. லைன் சரியில்லை, கத்திப் பேச வேண்டும். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய தண்டனை அதுவரை இருந்ததில்லை.

ஆராய்ச்சிக் கொப்பியில் மனைவியின் இரண்டு குப்பியும் வராத இடம் வெறுமையாக இருந்ததாம். என்ன நடந்தது என்று டொக்டர் கேட்டார். தடித்தது என்றேன்.

“நீர் கோத்த கொப்புளமா?”

“இல்ல.”

“காய்ச்சல்? வீட்ல, பக்கத்துல வேற யாருக்கும் வந்ததா?”

“இல்ல, டொக்டர்.”

“குளிசை விட்டு எத்தனை நாள்?”

“முப்பத்தஞ்சு நாள்” என்றேன். எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

“நம்பர் தந்தேனே, ஏன் எடுக்கல?”

பின்னால் இருபது பேர். “வெக்கமா இரிந்திச்சு” என்று கத்தினேன்.

“வெட்கம் உங்களுக்குத்தாங்க. அந்த நோய்க்கு இல்ல. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. இன்னும் விட்டீங்கன்னா என் கையிலயும் இருக்காது.”

தொலைபேசியை வைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மூட்டை மேல் இருந்த ஓட்டமாவடி லொறிக்காரர் ஒருவர்தான், “தம்பி, நாங்க இன்னும் ரெண்டு மணித்தியாலம் இரிந்தா நெல்லு முளைக்காது. நீங்க வீட்ட போங்க” என்றார். முதலாளி தன் சைக்கிள் பூட்டின் திறப்பை என் கையில் வைத்தார்.

வீட்டில் மாமி முற்றத்தில் வேப்பிலையைக் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் போய் மண்ணில் உட்கார்ந்தேன். அப்படி நான் உட்கார்ந்ததில்லை. அவர் பயந்துவிட்டார்.

“மாமி, அது அம்மாள் இல்ல. குளிசையால வந்த தடிப்பு. அப்பிடி வருமெண்டு டொக்டர் எனக்கு முதலே சொன்னவ. நான் உங்களுக்குச் சொல்லல்ல.”

“தெரிஞ்சிக்கிட்டேயா வாய மூடிக்கிட்டு இரிந்தீங்க?”

“ஓம்.”

மாமி என்னை அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கையிலிருந்த வேப்பிலையைக் கீழே வைத்தார். உள்ளே பாயில் கிடந்த மனைவியின் குரல் வந்தது: “உடம்பு என்ட. தடிச்சது எனக்கு. ரெண்டு பேரில ஒருத்தராவது என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? எனக்குத் தெரியும் அது கடிச்சு அரிக்கவும் இல்ல, காய்ச்சல் காயவும் இல்ல எண்டு. சொன்னா அம்மாவுக்கு நோகும் எண்டு கிடந்தன்.”

மூன்று பேருமே ஒருவருக்கொருவர் நோகக் கூடாது என்று பேசாமல் இருந்திருக்கிறோம். மாமி எழுந்து போனார். அம்மன் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பும்போது கையில் குளிசைப் பெட்டி இருந்தது.

“அம்மாளுக்கு நான் பதில் சொல்லிக்கிறன்” என்றார். “நீங்க விடியப் பஸ் ஏறுங்க, மருமகன்.”

அந்தப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோதனைச் சாவடிகளில் இறங்கி இறங்கி ஏற வேண்டும். நடக்க முடியாத மனைவியை நான் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் டொக்டரின் கடிதத்தை நீட்டினேன். சிங்களம் எனக்குச் சரியாக வராது. இருந்தும் “லெட, லெட” என்று நோயைச் சொல்லும் அந்த ஒரு சொல்லை வைத்தே கொழும்பு வரை பேசிக்கொண்டு போனேன்.

வெண்குழியங்கள் பழைய அளவுக்கே ஏறியிருந்தன. அதைவிட இன்னொரு பயம் இருந்தது. இடையில் விட்டால் சிலருக்கு அந்தச் சுவிட்ச் உருமாறி, குளிசை பொருந்தாமலும் போகலாம் என்றார் டொக்டர். தடிப்புக்கு வேறு மருந்து கொடுத்து, குளிசையைக் குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டினார்கள். வீட்டுக்குத் திரும்பி ஏழு வாரம் காத்திருந்தோம். மாமி தினமும் மாலையில் கேட்பார். நானும் இப்போது விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பசி எப்படி, கண் எப்படி, எங்கே எவ்வளவு தடித்திருக்கிறது என்று. ஒருநாள் மாமியே, “போதும் மருமகன், சோறு ஆறுது” என்றார்.

முடிவு தெரிய வேண்டிய நாளில் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது வெளியே வெடிச் சத்தம் கேட்டது. மனைவி என் கையைப் பிடித்துக் குனிந்தாள். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா அவள் முதுகைத் தடவி, பட்டாசு என்றும், சண்டை முடிந்துவிட்டது என்றும் கையால் காட்டிச் சொன்னார். அந்த நேரம் எனக்குள் இருந்ததை இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வடக்கே எத்தனை வீட்டில் அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். இனிக் குளிசை எடுக்க வரும்போது வழியில் இறங்கி நிற்கத் தேவையில்லை என்றும் நினைத்தேன். இரண்டும் ஒன்றாக வந்தன.

டொக்டர் தாளோடு வந்தார். முகத்தைப் பார்த்தே மனைவி அழத் தொடங்கிவிட்டாள். எண்ணிக்கை சாதாரணத்துக்கு வந்துவிட்டது. சுவிட்ச் உருமாறவில்லை. “நின்னுடுச்சு, உங்க மோட்டர்” என்றார் டொக்டர் என்னிடம். பிறகு மனைவியிடம் கேட்டார், “இன்னைக்கும் ரெண்டு குப்பி தருவீங்களா?” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்ப இது நல்ல இரத்தம் டொக்டர், யோசிக்கணும்” என்றாள்.

கொமினிகேசன் கடையில் இருந்து பக்கத்து வீட்டு எண்ணுக்குக் கோல் எடுத்து மாமியைக் கூப்பிட்டேன். முடிவை என்னை இரண்டு தரம் சொல்லவைத்தார். பிறகு, “சாப்பிட்டீங்களா, ரெண்டு பேரும்?” என்று மட்டும் கேட்டார்.

அந்த வைகாசிச் சடங்குக்கு மாமியும் மனைவியும் ஒன்றாகப் போனார்கள். காலைக் குளிசையைப் போட்டுவிட்டுத்தான் மனைவி கிளம்பினாள். வருடங்கள் போய், எங்கள் மகளுக்கும் கலியாணமாகி, இப்போது வீடு அவளுடையது, நாங்கள் விருந்தாளிகள். மனைவி இன்றும் குளிசை போடுகிறாள், கோழிக்குத் தவிடு கரைக்கிறாள், என்னை ஏசுகிறாள்.

ஊரில் இன்றைக்கும் என்னை வாய் திறக்காத நல்ல மனுசன் என்று சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம், அந்த நல்ல பெயருக்காக நான் முப்பத்தைந்து நாள் யாருடைய உயிரைப் பணயம் வைத்தேன் என்பது நினைவுக்கு வருகிறது, உடனே திரும்பி அவள் அங்கே இருக்கிறாளா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.